பெயரில்லாத கருவி

துண்டித்தது திரும்ப வந்திருந்தது.

அடுப்பில் பால் காய்வதற்குள் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றுதான் வைஃபை அக்கா ஃபோனை எடுத்தாள். சமையலறை ஜன்னல் வழியாகச் சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் பள்ளிக்கூட வேன் ஒன்று பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. உள்ளறையில் அவள் மகள் குட்டி வாய்ப்பாட்டை வேண்டாவெறுப்பாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். திரையில் வந்த பட்டியலில், கட்டிடத்து வைஃபையில் ஒட்டிய கருவிகளெல்லாம் அவள் வைத்த பெயரோடு வரிசையாக நின்றன: மூன்றாம் மாடி குட்டி டேப், இரண்டாம் மாடி டைலர் ஃபோன், முதல் மாடி ஐயா டிவி, முதல் மாடி ஐயா ஃபோன். எல்லாவற்றுக்கும் கீழே, தரைத்தள வைஃபை பெட்டியில், ஒற்றைக் கோடு சிக்னலில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ‘பெயரில்லாத கருவி’ என்று போட்டு, பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக நீளமாக ஏதோ, முடிவில் மூன்று சைபர்.

பால் பொங்கி வழிந்தது. தீய்ந்த வாடை வீடெல்லாம் பரவியது. அவள் நகரவில்லை. அந்த மூன்று சைபரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அவள்தான் துண்டித்தாள். அந்தக் கருவி இப்போது பேருந்து பிடித்துப் போகிற தூரத்தில், ஆறடி மண்ணுக்குக் கீழே இருந்தது. அது போய் ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது.

அவள் எப்படி வைஃபை அக்கா ஆனாள் என்பதைச் சொல்லிவிடவேண்டும். முன்பெல்லாம் அந்தக் கட்டிடத்தில் நெட் பொதுவாகக் கிடந்தது. பாஸ்வேர்டு கிடையாது, ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. கீழே கடைக்கு வருகிறவர்கள், எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், ஜோடியாக உட்கார இடம் தேடி வந்தவர்கள் என்று ஊரே மதில் சுவரில் வரிசைகட்டி ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தது. குடியிருக்கிறவர்களுக்கு ஒரு பாட்டுக்கூட முழுசாக ஓடாது. கடைசியில் எல்லாரும் கூடிப் பேசி, மாடிக்கு ஒன்றாகப் படிக்கட்டுச் சுவரில் வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார்கள். யார் பார்த்துக்கொள்வது என்று வந்தபோது, பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்துப் படித்த ஒரே ஆள் இவள்தான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவர்களிடமும் “உக்காருங்க, பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க” என்று முகம் பார்க்காமல் சொல்லிப் பழகியவள். கணவர் கப்பலில். இந்த மாதிரி அதிகாரத்துக்கு இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

சட்டமும் அவள் போட்டதுதான். வீட்டில் புதிதாக எதை வாங்கினாலும் அவளிடம் சொல்லிப் பெயர் வைத்துக்கொள்ளவேண்டும். பெயர் வைத்த கருவிக்கு எல்லா மாடிப் பெட்டியும் தானாகத் திறந்துவிடும். பெயரில்லாதது கண்ணில் பட்டால் அதன் எதிரே இருக்கிற சிவப்புப் பொத்தான். ‘துண்டி.’ அதை அமுக்குவதில் அவளுக்கு ஒரு தனி ருசி. அமுக்கிவிட்டு ஜன்னலுக்கு ஓடிப்போய், மதில் சுவரில் எவன் ஃபோனை உதறுகிறான், எவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான் என்று பார்த்துச் சிரிப்பாள். சொல்லப்போனால் அந்த வாழ்க்கையில் அவளுக்கு இருந்த பொழுதுபோக்கே அதுதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் குட்டு உடையப்போகிற நேரம். படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, நிற்கவே இல்லை. எவனோ நெட்டை உறிஞ்சுகிறான் என்று பட்டியலைத் திறந்தாள். இரண்டாம் மாடிப் பெட்டியில் பெயரில்லாத கருவி ஒன்று, முடிவில் மூன்று சைபர். யார் எவர் என்று யோசிக்கவில்லை. அமுக்கினாள். படம் ஓடியது. மாமியார் அழுதாள். வைஃபை அக்கா கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

சீரியல் முடிந்து வெகு நேரம் கழித்து இரண்டாம் மாடியிலிருந்து அந்த அலறல் வந்தது.

இரண்டாம் மாடியில் இருந்தவள் தையல்காரி. கீழே கட்டிடத்து முகப்பிலேயே அவளுக்குக் கடை. அவள் பெண்ணுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற கோளாறு. வீட்டில் பட்டு என்று கூப்பிடுவார்கள். குட்டியைவிட ஒரு வயது சின்னவள், மாடிப்படியில் பார்த்தால் “வைஃபை ஆன்ட்டி” என்று கத்திக்கொண்டு ஓடிவருவாள். அவள் படுக்கிற மெத்தைக்கு மேல் ஒரு விரிப்பு போட்டிருப்பார்கள். மூச்சு தடுமாறினால் அது நெட் வழியாகத் தாயின் ஃபோனுக்குத் தகவல் அனுப்பும், ஃபோன் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறும், கடையில் தைத்துக்கொண்டிருக்கிறவள் போட்டது போட்டபடி மேலே ஓடிவந்து பிள்ளையை எழுப்பி உட்காரவைப்பாள். அப்படி எத்தனையோ தடவை ஓடிவந்து காப்பாற்றியிருக்கிறாள். பழைய விரிப்பு கிழிந்துபோய்ப் புதிது வாங்கியிருந்தாள். அன்றைக்கு ஃபோன் அலறவில்லை.

கூட்டத்தோடு கூட்டமாக வைஃபை அக்காவும் இறங்கிப்போய் நின்றாள். தையல்காரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஃபோனை எல்லாரிடமும் மாறி மாறி நீட்டினாள். “இது அடிக்கவே இல்ல. கையிலதான வச்சிருந்தேன். அடிக்கவே இல்லையே.” வைஃபை அக்கா யாரும் பார்ப்பதற்குள் மேலே வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கட்டிடத்து வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாள். அவள் கேட்காமல் விட்ட வாய்ஸ் மெசேஜ் ஒன்று முந்தின நாளிலிருந்து கிடந்தது. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எழுதச் சோம்பல் என்பாள்.

“அக்கா, பாப்பாவுக்குப் புது விரிப்பு வந்திருக்கு. கடைசியில மூணு சைபர் வரும். மறக்காம சேத்துருங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

குரூப்புக்கு அட்மினும் அவள்தான். காலை வணக்கப் படம் போடுகிறவர்களுடையதை அவள்தான் அவ்வப்போது ‘எல்லாருக்கும் அழி’ போட்டு அழிப்பாள். அதனால் குரூப் பூராவும் அழித்த தடம் இருக்கும். இன்னொன்று அழிந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. சரியாகப் படித்தவள் அல்லவா, வேலை சுத்தமாக இருந்தது. அன்று பிள்ளையைக் குழிக்குள் இறக்கியபோது, தகப்பன் ஆத்திரம் தாங்காமல் அந்த விரிப்பையும் சுருட்டி உள்ளே எறிந்தான். அதற்குமேல் மண் விழுந்தது.

சில நாள் கழித்துத் தையல்காரி படிக்கட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நான் உங்ககிட்ட சொன்னேனா? சொன்ன மாதிரியும் இருக்கு. சொல்லணும்னு நெனச்சு மறந்துட்டேனோ?”

“இல்லையேம்மா,” என்றாள் வைஃபை அக்கா, வாய் கூசாமல். “நீ சொல்லியிருந்தா நான் சேக்காம இருப்பேனா?”

தையல்காரி தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். அவளைத் தோளில் சாய்த்து ஆறுதல் சொன்னதும் வைஃபை அக்காதான்.

அந்தக் கருவிதான் இப்போது பட்டியலில் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மறைந்தது. ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு யாரோ கீழே தெருவில், அதே எண் முடிகிற வேறொரு கருவி. வழிந்த பாலைத் துடைத்தாள்.

அடுத்த தடவை அது முதல் மாடிப் பெட்டியில் வந்தது.

அன்று அவள் வேலை விட்டு வந்து படியேறிக்கொண்டிருந்தாள். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு வாசனை முகத்தில் அடித்தது. அழுகல் இல்லை, குப்பை இல்லை. இப்போதுதான் தோண்டிப் போட்ட ஈரமண், அதனுள்ளே கொஞ்சம் பவுடர் வாசனை. முதல் மாடி ஐயா பனியனோடு வாசலில் நின்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற டிரைவர்.

“எங்கயாவது பைப் லீக்காம்மா? காலையிலேர்ந்து மண் வாசனையா வருது. தோட்டம் போட்ட மாதிரி இருக்கு, வாடகை கொறச்சாத் தேவல.”

அவள் சிரித்துவைத்தாள். சுவர்ப் பெட்டியின் பச்சை விளக்கு எப்போதும் படபடவென்று துடிக்கும். அன்று அது நிதானமாக ஏறியது, நிதானமாக இறங்கியது, கொஞ்சம் நின்றது, மறுபடி ஏறியது. அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். முதல் மாடி, மூன்று சைபர், இரண்டு கோடு. அங்கேயே நின்று அமுக்கினாள். விளக்கு சட்டென்று நின்று, பழையபடி படபடத்தது. தலைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஏதோ வெறுங்காலில் இரண்டு எட்டு வைத்து நின்றமாதிரி இருந்தது.

“யாரது?” என்றாள்.

“யாரு யாரு?” என்றார் ஐயா.

பிறகு அவள் கருவிகளின் பட்டியலைப் பார்ப்பதையே நிறுத்திவிடப் பார்த்தாள். முடியவில்லை. ஆஸ்பத்திரி மேசைக்கு அடியில் பார்த்தாள், பஸ்ஸில் பார்த்தாள், குட்டிக்குச் சாப்பாடு ஊட்டும்போது பார்த்தாள். வரவில்லை, வரவில்லை, வரவே இல்லை என்று நிம்மதியாகிற நேரத்தில் வந்தது. இரண்டாம் மாடி. மூன்று கோடு. அவள் வீட்டுக்குச் சரியாக ஒரு மாடி கீழே.

இறங்கிப்போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, படிக்கட்டு விளக்கை இன்னும் யாரும் போடவில்லை. இரண்டாம் மாடிப் பெட்டியின் விளக்கு மட்டும் அந்த அரை இருட்டில் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் கை வைத்தாள். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரிச் சுட்டது. காதை அருகே கொண்டுபோனாள். காற்றுப் போக வைத்திருக்கிற சன்னச் சன்னத் துளைகளின் வழியாக மூச்சு வந்துபோய்க்கொண்டிருந்தது. சின்ன மூச்சு. தூங்குகிற பிள்ளையின் மூச்சு.

விரலைப் பொத்தான்மேல் கொண்டுபோனாள்.

“அக்கா.”

தையல்காரியின் கதவு திறந்திருந்தது. பிள்ளை போனதிலிருந்து சிக்கலும் சிடுக்குமாகத் திரிந்தவள், இன்று தலை வாரி, முகம் கழுவி, பளிச்சென்று நின்றாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

“சத்தம் போடாதீங்க. தூங்குது. உள்ள வாங்க.”

உள்ளே விளக்கு இல்லை. தையல் மிஷினில் சின்னக் கவுன் ஒன்று பாதி தைத்தபடி கிடந்தது, நீல நிறம், கழுத்தில் குண்டூசிகள். கட்டிலில் யாரும் இல்லை. தலையணையில் ஃபோனைச் சாய்த்து வைத்து, கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்தாள். ஃபோன் திரையில் வெள்ளை அலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி.

“பாருங்க, பாப்பா மூச்சு. கொஞ்ச நாளா வருது. அவர் நம்பல. பைத்தியம்னு சொல்லிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டார். போகட்டும்.”

வைஃபை அக்கா கட்டிலை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். “அது... விரிப்புதான் அங்க...”

“அங்கதான் இருக்கு. அங்கேர்ந்துதான் வருது.” தையல்காரி போர்வையைச் சரிசெய்தாள். “ஆனா யாரோ அப்பப்ப கட் பண்றாங்கக்கா. கட் பண்ணா அலை துடிச்சுப்போவுது. பாப்பா முழிச்சுக்குது. முழிச்சா படி ஏறுது. முதல்ல கீழ இருந்துச்சு. ஒரு தடவை கட் ஆச்சு, முதல் மாடி. இன்னொரு தடவை, இங்க வந்துருச்சு.”

“யாரத் தேடி?”

“கட் பண்றவங்களத் தேடித்தான். வேற யாரத் தேடப்போவுது?” அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபமே இல்லை, அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது. “உங்களுக்குத் தெரியாம இங்க யாராவது கட் பண்ணமுடியுமாக்கா?”

“கம்பெனில... லைன் கோளாறா இருக்கும்.”

“ஓ.” தையல்காரி திரும்பி அலையைப் பார்த்தாள். “அன்னிக்கி நான் உங்ககிட்ட சொன்னேனாக்கா? நெசமா சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தெரிஞ்சா மட்டும் போதும், எனக்கும் பாப்பாவுக்கும்.”

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, ஆமாம் என்று. தொண்டைவரைக்கும் வந்தது. வைஃபை அக்கா அதை விழுங்கினாள்.

“இல்லையேம்மா.”

ஃபோனில் அலை ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

துண்டிக்கக்கூடாது, அவ்வளவுதானே. அவள் துண்டிக்கவில்லை. பட்டியலில் அது இரண்டாம் மாடியிலேயே கிடந்தது. பிள்ளை தாயோடு இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வாரம் அவளால் ஒரு பிடி சோறு சாப்பிடமுடியவில்லை. காலுக்குக் கீழே, தரைக்கு மறுபக்கம், அது படுத்திருந்தது. தரை ஓடு அந்த இடத்தில் மட்டும் ஈரமாக வியர்த்தது. துடைத்தால் துணியில் மண் வந்தது. போதாக்குறைக்குக் குட்டிக்குச் சளி பிடித்திருந்தது. மூச்சு விடும்போது கடைசியில் சன்னமாக ஒரு விசில், பொம்மைக்குள் காற்றுப் போகிற மாதிரி. கணவர் கூப்பிட்டபோது என்ன குரல் ஒருமாதிரியிருக்கு என்றார். ஒன்றுமில்லை, சிக்னல் சரியில்லை என்றாள். தன் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிடக்கூடாது. அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை, அதற்காகத் தையல்காரி காலில் விழுவதைத் தவிர மற்ற எதையும் செய்யத் தயாராக இருந்தாள்.

ஒரு சாயங்காலம் குட்டி மருந்து சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தூங்கிப்போயிருந்தாள். வைஃபை அக்கா கதவைத் தாழ்போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வெளிச்சம் போட்டமாதிரி வந்தது. இத்தனை நாளாகத் தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். பெயரில்லாததால்தானே இந்தத் தொல்லை? பெயர் வைத்துவிட்டால்? முறைப்படி பதிவு செய்து, இரண்டாம் மாடி என்று எழுதிவிட்டால் அது அந்த வீட்டுக் கருவி. அங்கேயே அடங்கிவிடும். தவிர, நாளைக்கே யாராவது தோண்டித் துருவிக் கேட்டால், இதோ பாருங்கள், பதிவு செய்துதான் இருக்கிறது என்று காட்டவும் ஆகும். அந்த நிலைமையிலும் அவளுக்கு அது தோன்றியது.

மூன்று சைபரைத் தொட்டாள். பெயர் கேட்டது. ‘பட்டு’ என்று அடித்தாள். வீடு கேட்டது. இரண்டாம் மாடி. ‘சேமி.’

பெயரில்லாத கருவி என்ற எழுத்து மறைந்து, பட்டு என்று வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. அவள் மூச்சை வெளியே விட்டாள். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் கேட்டதும் இதுதான். இந்த ஒன்றைத்தான். அன்றைக்கே இதைச் செய்ய, பால் காய்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

அப்புறம்தான் சட்டம் நினைவுக்கு வந்தது.

பெயர் வைத்த கருவிக்கு எல்லா மாடியும் திறக்கும்.

பட்டியலில் ‘பட்டு’ அசைந்தது. இரண்டாம் மாடியிலிருந்து நழுவி, ஒரு வரி மேலே ஏறி நின்றது. மூன்றாம் மாடி. இரண்டு கோடு. வெளியே, வாசலுக்கு நேரே சுவரில் இருந்த பெட்டி க்ளிக் என்றது. மூன்று கோடு. தாழ்ப்பாள் அசையவில்லை, கதவு திறக்கவில்லை. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் ஈரமாக ஒரு சின்னப் பாதம் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. அவளைத் தாண்டிப் போயிற்று. அவளைத் தேடி வந்தது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளறைப் பக்கம் போயிற்று.

நான்கு கோடு. முழுசாக.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். உள்ளறையில் ஈரமண் வாடை. பவுடர். குட்டி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகு ஏறி இறங்கியது. விசில். ஏறி இறங்கியது. விசில். கையிலிருந்த ஃபோனில் யாரும் தொடாமல் வெள்ளை அலை திறந்துகொண்டது. ஏறியது, இறங்கியது. குட்டியின் முதுகோடு சேர்ந்து.

“குட்டி.”

குட்டியின் போர்வைக்கு அடியில், அவள் முதுகோடு ஒட்டி, இன்னொரு மேடு. அதுவும் ஏறியது. இறங்கியது.

“குட்டிம்மா, எழுந்திரு. அம்மாகிட்ட வா.”

அலைக்குக் கீழே சிவப்புப் பொத்தான். அவள் விரல் அதன் பக்கத்தில்கூட இல்லை. விரல் பட்டால் எப்படிக் கறுக்குமோ, அப்படி அது கறுத்தது.

அலை படுத்தது.

குட்டியின் முதுகு இறங்கியது. ஏறவில்லை.

“ஐயோ. வேணாம். நான்தான். நான்தான் கட் பண்ணேன். அவ சொன்னா, நான்தான் கேக்கல. குட்டி. குட்டி!”

பாய்ந்துபோய்ப் போர்வையை இழுத்தாள். குட்டியைத் தவிர யாரும் இல்லை. மெத்தையில் இன்னொரு சின்ன உடம்பு படுத்த பள்ளம், அதில் நனைந்த மண். குட்டியைப் பிடித்துத் திருப்பினாள். குட்டி கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு சீராக, சுத்தமாக, விசிலே இல்லாமல் வந்தது. சளியெல்லாம் எங்கே போயிற்றோ.

உயிர் போய் உயிர் வந்தது வைஃபை அக்காவுக்கு. வாரி அணைத்துக்கொண்டாள். முத்தமாகக் கொட்டினாள். குட்டி அந்தக் கைகளுக்குள் விறைப்பாக, மரியாதையாக, கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள்.

“விடுங்க ஆன்ட்டி,” என்றாள். “அம்மா கூப்பிடுறாங்க.”

கதவு தட்டும் சத்தம் கேட்டது. குட்டி கட்டிலிலிருந்து குதித்து ஓடினாள், எக்கி நின்று தாழைத் திறந்தாள். வாசலில் தையல்காரி. கையில் நீலக் கவுன், தைத்து முடித்து, குண்டூசியெல்லாம் எடுத்து, மடிப்பு கலையாமல்.

“எழுந்துட்டியா என் தங்கம். வா, போட்டுப் பாக்கலாம். அளவு கொஞ்சம் பெருசா வச்சிருக்கேன்.”

“அது என் பொண்ணு,” என்றாள் வைஃபை அக்கா. கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அது என் பொண்ணும்மா.”

தையல்காரி அவளைப் பார்த்தாள். “பேர் வச்சுச் சேத்துட்டீங்கபோல. இப்பதான் பாத்தேன். நல்லதுக்கா.” குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். “வர்றோம்.”

இறங்கிப் போனார்கள். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒரு பிள்ளை சிரிக்கிற சத்தம், அது அவள் பெற்ற பிள்ளையின் தொண்டைதான், ஆனால் குட்டி ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

ஃபோன் கையில் அதிர்ந்தது.

படுத்துக்கிடந்த அலை அசைந்தது. ஏறியது. இறங்கியது. இறங்கி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு நடுக்கம். அவள் ஃபோனைக் காதில் வைத்தாள். விசில். பொம்மைக்குள் காற்றுப் போகிற மாதிரி.

‘பட்டு.’ மூன்றாம் மாடி, மூன்று கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் மாடி. அவள் எழுந்து படிக்கட்டுக்கு ஓடினாள். முதல் மாடி, இரண்டு கோடு. ஐயா என்னம்மா என்னம்மா என்று கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை. தரைத்தளம். வெறுங்காலோடு தெருவில் வந்து நின்றாள். மதில் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள்.

ஒரு கோடு.

அந்த ஒற்றைக் கோட்டில் அலை வேகமாக ஏற ஆரம்பித்தது. விசிலோடு, விக்கலோடு, தாறுமாறாக. இப்போதுதான் கண் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், கையைத் தூக்கப் பார்த்து, தூக்க இடமில்லாமல் போன பிள்ளையின் மூச்சு அது.